வீட்டில் 0.15 மி.மீ. ட்ராக்: டெவலப் வரை நன்றாக இருக்கும் பிசிபி, எட்சிங்கில் ஏன் கெடுகிறது?

நுண்வழி:
வணக்கம் நண்பர்களே. 100 கால் டிக்யூஎஃப்பி ஐசி (நான்கு பக்கமும் கால்கள் உள்ள தட்டையான சிப்), 0.5 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த கால்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்), இரு பக்க போர்டு. ட்ராக் (செம்புக் கோடு) 0.15 மி.மீ., இடைவெளி 0.15 மி.மீ. தேவை. இருப்பவை: 35 மைக்ரான் செம்புள்ள 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடி இழை போர்டு), ட்ரை ஃபிலிம் (செம்பின் மேல் ஒட்டும் ஒளியுணர் படலம்), 600 டிபிஐ லேசர் பிரிண்டர், டிரான்ஸ்பரன்சி ஷீட், நகப்பூச்சு உலர்த்தும் யூவி விளக்கு, பெர்ரிக் குளோரைடு.

டெவலப் செய்தபின் (ஒளி படாத படலத்தைக் கரைத்துக் கழுவியபின்) லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடுகள் எல்லாம் இருக்கின்றன. எட்ச் (வேண்டாத செம்பை அரிப்பது) முடிந்ததும் போர்டின் ஓரத்தில் ட்ராக் மயிரிழையாகிச் சில இடங்களில் அறுந்தே போகிறது. அதே நேரத்தில் நடுவில் ஐசியைச் சுற்றிச் செம்பு போகாமல் நிற்கிறது. பிரிண்டரை 1200 டிபிஐக்கு மாற்றினால் சரியாகுமா?

எட்ச்தொட்டி:
பிரிண்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் மாற்ற வேண்டியது போர்டு.

எட்ச் கரைசல் செம்பைக் கீழ்நோக்கி மட்டும் அரிக்காது. ரெசிஸ்ட் (செம்பைக் காக்கும் படலம், இங்கே ட்ரை ஃபிலிம்) விளிம்புக்கு அடியில் பக்கவாட்டிலும் அரித்துக்கொண்டே போகும். இதுதான் அண்டர்கட். தட்டை ஆட்டியோ காற்றுக் குமிழி விட்டோ செய்யும் வீட்டு எட்சிங்கில், கீழே போகும் ஆழத்துக்கு ஏறக்குறையச் சமமாகப் பக்கத்திலும் போகும் என்று கணக்கு வையுங்கள். 35 மைக்ரான் செம்பு என்றால் ட்ராக்கின் இரு பக்கமும் சேர்த்து 70 மைக்ரான் காலி. 0.15 மி.மீ. ட்ராக் மேற்புறத்தில் 0.08 ஆகிவிடும். அதுவும் செம்பு தீர்ந்த கணத்தில் போர்டை வெளியே எடுத்தால்தான். நடுவில் நிற்கும் செம்புக்காக மேலும் ஒரு நிமிடம் விட்டால், ஓரத்து ட்ராக் அறுந்துபோவதில் ஆச்சரியமே இல்லை.

இதை ஈடுகட்ட அச்சடிக்கும் ஷீட்டில் ட்ராக்கை 0.22 ஆக வரையலாம் என்றால் இடைவெளி 0.08 ஆகச் சுருங்கும். ட்ரை ஃபிலிமே 40 மைக்ரான் தடிமன். அதில் 80 மைக்ரான் அகலப் பள்ளத்தை அடிவரை சுத்தமாகக் கழுவி எடுக்க, வீட்டு விளக்கின் ஒளி போதாது.

18 மைக்ரான் செம்புள்ள போர்டு எடுங்கள். அதே கணக்குப்படி ஷீட்டில் 0.186 ட்ராக், 0.114 இடைவெளி. இது எட்டக்கூடிய அளவு. எட்ச் நேரமும் கிட்டத்தட்டப் பாதியாகும்.

நடுவில் செம்பு நிற்பது வேறு கோளாறு. ஓரத்தில் புதுக் கரைசல் வந்துகொண்டே இருக்கும். நெருக்கமான கோடுகளுக்கு நடுவே பழைய கரைசல் தேங்கும். காலி இடத்தை எல்லாம் கிரவுண்டு காப்பரால் நிரப்பிவிடுங்கள். ட்ராக்குக்கும் அந்த நிரப்புக்கும் நடுவே 0.25 மி.மீ. விட்டால் போதும். அரிக்க வேண்டிய செம்பு குறைந்து, போர்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். 30 விநாடிக்கு ஒருமுறை போர்டை 90 டிகிரி திருப்புங்கள்.

ஒளிக்கோணம்:
கிரவுண்டு நிரப்பினால் இன்னொரு லாபமும் உண்டு. ட்ரை ஃபிலிம் நெகட்டிவ் வகை: ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் கரையும். ஆகவே பிரிண்டில் ட்ராக் கண்ணாடிபோலத் தெளிவாகவும், அரிக்க வேண்டிய இடம் கறுப்பாகவும் வரும். லேசர் பிரிண்டர் பெரிய கறுப்புப் பரப்பை ஒருபோதும் சீராக அடிக்காது; திட்டுத்திட்டாக, ஊசித்துளைகளோடு வரும். நிரப்பு போட்டால் கறுப்பு மெல்லிய கோடுகளாகக் குறைந்துவிடும். மெல்லிய கோட்டில் டோனர் அடர்த்தியாக உட்காரும்.

இப்போது விளக்கு. நகப்பூச்சு விளக்கை இந்த வேலைக்குத் தூக்கிப் போட்டுவிடலாம். அதில் எல்லாப் பக்கமிருந்தும் சாய்வாக ஒளி வருகிறது. டோனருக்கும் ரெசிஸ்டுக்கும் நடுவே 0.1 மி.மீ. இடைவெளி இருந்து, ஒளி 30 டிகிரி சாய்ந்து வந்தால், நிழல் விளிம்பு ஒரு பக்கத்தில் 58 மைக்ரான் மங்கும். உங்கள் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

10 மி.மீ. அகல ஒளிப்பரப்புள்ள ஒற்றை 395–405 நானோமீட்டர் எல்இடியை 30 செ.மீ. உயரத்தில் வையுங்கள். மையத்துக்கு வரும் ஒளியின் சாய்வு 1 டிகிரிதான், அதே 0.1 மி.மீ. இடைவெளியில் மங்கல் 2 மைக்ரானுக்கும் கீழே. 100க்கு 100 மி.மீ. போர்டின் மூலைகளில் ஒளி சுமார் 10 சதவீதம் குறையும். அதை ட்ரை ஃபிலிம் தாங்கிக்கொள்ளும். எக்ஸ்போஷர் நேரம் கூடும், அவ்வளவுதான்.

நுண்வழி:
டோனருக்கும் ரெசிஸ்டுக்கும் நடுவே ஏன் 0.1 மி.மீ. இடைவெளி வருகிறது? ஷீட்டைக் கண்ணாடியால் அழுத்தித்தானே வைக்கிறோம்?

ஒளிக்கோணம்:
டோனர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். படத்தை நேராக அச்சடித்தால் எழுத்தை நேராகப் படிக்கும் நிலையில் டோனர் மேல்பக்கம் நிற்கும். அதற்கும் ரெசிஸ்டுக்கும் நடுவே ஷீட்டின் 100 மைக்ரான் தடிமன் முழுவதும் வந்துவிடும். கண்ணாடிப் பிம்பமாக, மிரர் செய்து அச்சடித்தால் டோனர் பக்கம் கீழே வந்து ரெசிஸ்டைத் தொடும். மேல்பக்கச் செம்புக்கு மிரர், கீழ்ப்பக்கச் செம்புக்கு மிரர் வேண்டாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட் மென்பொருள் (போர்டு வரையும் மென்பொருள்) கீழ்ப்பக்கத்தை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலக் காட்டுவதால், அது ஏற்கெனவே மிரராகத்தான் இருக்கும்.

ஓரத்தில் ஏதாவது ஓர் எழுத்தைச் செம்பில் போடுங்கள். ஷீட்டைப் போர்டின் மேல் வைத்ததும் அந்த எழுத்து நேராகத் தெரிய வேண்டும், நகத்தால் சுரண்டினால் டோனர் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் சரி.

பிக்சல்35:
ஒளிக்கோணம் ஐயா சொன்ன 58 மைக்ரானில் ஒரு சிறு திருத்தம். அது காற்று இடைவெளிக்கு உரிய எண். ஷீட்டின் பாலியெஸ்டருக்குள் நுழையும்போது ஒளி வளைந்து 30 டிகிரி என்பது 19 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். ஆகவே 100 மைக்ரான் ஷீட்டுக்கு மங்கல் சுமார் 34 மைக்ரான். ஆனால் ஷீட் சரியாக ஒட்டாமல் காற்று புகுந்தால் 58 தான்.

ஒளிக்கோணம்:
சரிதான், நன்றி. காற்று இடைவெளிதான் பெரிய எதிரி என்பது இதிலிருந்தும் தெளிவாகிறது. 5 மி.மீ. கண்ணாடியை மேலே வைத்து நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள். கிளிப் ஓரத்தில் மட்டும் அழுத்தி நடுவைத் தூக்கிவிடும் அபாயம் உண்டு. அதனால் அடியில் 3 மி.மீ. ஸ்பாஞ்சு ஷீட் வையுங்கள். நல்ல தொடுகை இருந்தால் கண்ணாடி வழியே பார்க்கும்போது தண்ணீரில் எண்ணெய் படர்ந்ததுபோல வானவில் வளையங்கள் தெரியும். எங்கே வளையம் இல்லையோ, அங்கே கொஞ்சம் சந்தேகப்பட்டுப் பாருங்கள். காற்றை உறிஞ்சி மூடும் பையில் போர்டையும் ஷீட்டையும் போட்டு உறிஞ்சினால் கண்ணாடியைவிடச் சீராக அழுத்தும்.

அக்ரிலிக் வாங்காதீர்கள். சில வகைகளில் யூவி தடுப்பு கலந்திருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி 365 முதல் 405 நானோமீட்டர் வரை நன்றாக விடும்.

நுண்வழி:
அப்படியானால் 600 டிபிஐ போதுமா, போதாதா?

ஒளிக்கோணம்:
600 டிபிஐயில் ஒரு புள்ளி 42 மைக்ரான். உங்கள் ட்ராக்கும் இடைவெளியும் சேர்ந்த 0.3 மி.மீ., 7 புள்ளி. அதில் 4 புள்ளி ட்ராக், 3 புள்ளி இடைவெளி என்று பிரித்தால் 0.169, 0.127. 18 மைக்ரான் செம்பில் எட்ச் ஆனபின் சுமார் 0.13 மி.மீ. ட்ராக் நிற்கும். ஆக, முடியாதது இல்லை. சாய்ந்த கோடுகள் மட்டும் படிக்கட்டாக வரும். 1200 டிபிஐயில் ஒரு புள்ளி 21 மைக்ரான். 9 புள்ளி ட்ராக், 5 புள்ளி இடைவெளி என்று மிகப் பொருத்தமாக அமையும்.

எண்ணிக்கையைவிட அடர்த்தி முக்கியம். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கறுப்புக்குள் விளக்கு மங்கலாகத் தெரிந்தால் யூவியும் கசியும். பிரிண்டர் அமைப்பில் டோனர் சிக்கனத்தை நிறுத்தி, தாள் வகையை டிரான்ஸ்பரன்சி அல்லது கனத்த தாள் என்று வையுங்கள். இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் வழி 0.3 மி.மீ. வேலைக்குச் சரி. 0.15க்கு இரண்டையும் 20 மைக்ரானுக்குள் பொருத்த வேண்டியிருக்கும். கையால் அது வராது. இங்க்ஜெட் பிரிண்டரும், இங்க்ஜெட்டுக்கென்றே பூச்சு உள்ள ஃபிலிமும் இருந்தால் கறுப்பு பெரும்பாலும் இதைவிட அடர்த்தியாக வரும்.

லேசர் பிரிண்டரின் சூட்டில் ஷீட் சுருங்கும். முதலில் ஒருமுறை வெற்றுப் பக்கமாக ஓட்டிவிட்டு, அதே ஷீட்டில் அச்சடியுங்கள். படத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு அளந்து பாருங்கள். 99.7 வந்தால் அளவை 100.3 சதவீதமாக வையுங்கள். ஐசி ஒன்றின் அகலத்தில் இந்தப் பிழை 50 மைக்ரானைத் தாண்டாது. ஆனால் இரு பக்கமும் பொருந்த வேண்டிய பெரிய போர்டில் 0.3 மி.மீ. விலகினால் துளை, பேடை (சால்டர் வைக்கும் செம்புத் திட்டை) விட்டு வெளியே போகும்.

ரெசிஸ்ட்40:
எல்லோரும் ஒளிக்கும் எட்சிங்குக்கும் போய்விட்டீர்கள். 0.15 மி.மீ. ரெசிஸ்ட் கோடு செம்பில் ஒட்டி நிற்பதே பாதி வேலை. ஒட்டு சரியில்லை என்றால் எட்ச் கரைசல் அடியில் புகுந்து, அண்டர்கட் போலவே தோற்றம் காட்டும்.

செம்பை ஸ்காட்ச்-பிரைட் பட்டையும் பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டு, முதலில் நீளவாட்டில், பிறகு குறுக்குவாட்டில் தேயுங்கள். எஃகு நார் வேண்டாம், ஆழமான கீறல் விழும். கீறலுக்குள் ரெசிஸ்ட் இறங்காது. கரைசல் அந்த வழியே ஓடி ட்ராக்கை அறுக்கும். கழுவியபின் போர்டைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக 30 விநாடி நிற்க வேண்டும். எங்காவது படலம் கிழிந்து முத்துமுத்தாக உருண்டால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று பொருள், மறுபடி தேயுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாத போர்டில் ஃபிலிம் ஒட்டாதீர்கள். அதன்பின் விரல் படக்கூடாது, ஓரத்தை மட்டும் பிடியுங்கள். இன்னும் நல்ல பிடிப்பு வேண்டுமென்றால் சோடியம் பெர்சல்பேட் கரைசலில் அரை நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு பளபளப்பு போய் மங்கிய ரோஜா நிறமாகும். அந்த நுண்ணிய சொரசொரப்பில் ஃபிலிம் நன்றாகப் பிடிக்கும்.

ஃபிலிமுக்கு இரு பக்கமும் பாதுகாப்பு உறை. சுருளின் உட்பக்கம் இருக்கும் மெத்தென்ற பாலிஎத்திலீன் உறையை ஒட்டும்முன் உரிக்க வேண்டும். வெளிப்பக்கம் இருக்கும் மொடமொடப்பான, தெளிவான பாலியெஸ்டர் உறை டெவலப் வரை அப்படியே இருக்கட்டும். மூலையில் இரு பக்கமும் செல்லோடேப் துண்டு ஒட்டி எதிரெதிராக இழுத்தால் உறை பிரியும்.

லேமினேட்டர் உருளை 100 முதல் 110 டிகிரி செல்சியஸ். 1.6 மி.மீ. போர்டு நிறைய வெப்பத்தைக் குடித்துவிடும்; ஆகவே வெறும் போர்டை முதலில் இரண்டு முறை ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஃபிலிமின் ஒரு விளிம்பை மட்டும் ஒட்டுங்கள். மீதியை லேமினேட்டரே இழுத்து ஒட்டட்டும். கையால் முழுவதும் பரப்பிவிட்டு உள்ளே விட்டால் காற்றுக் குமிழி நிச்சயம். வெளியே வரும் போர்டு கை பொறுக்கும் சூட்டில், 50 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். 0.8 மி.மீ. போர்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், லேமினேட்டரில் சுலபமாகப் போகும். துணி இஸ்திரிப் பெட்டியில் சூடு ஓரிடத்தில் ஏறி ரெசிஸ்ட் தானாகவே பாதி இறுகிவிடும். பிறகு அந்த இடம் டெவலப்பரில் கரையாது.

ஒட்டியபின் 15 நிமிடம் இருட்டில் ஆறவிடுங்கள். எக்ஸ்போஷருக்குப் பின்னும் 15 நிமிடம். அந்த நேரத்தில்தான் உள்ளே தொடங்கிய பிணைப்பு முழுமையாகும்.

நுண்வழி:
டெவலப்பருக்கு எரிசோடா பயன்படுத்துகிறேன், லிட்டருக்கு 7 கிராம். 0.3 மி.மீ. கோடுகளுக்கு இது சரியாகவே வந்தது.

ரெசிஸ்ட்40:
உடனே நிறுத்துங்கள். கோளாறில் பெரும்பகுதி இங்கேதான்.

எரிசோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு 7 முதல் 10 கிராம் என்பது பாசிட்டிவ் ரெசிஸ்ட் பூசி வரும் போர்டுக்கான டெவலப்பர். ட்ரை ஃபிலிமுக்கு அது உரிக்கும் மருந்து. எட்ச் முடிந்தபின் 2 முதல் 3 சதவீத எரிசோடாவில் போட்டுத்தான் ட்ரை ஃபிலிமை உரிக்கிறோம். 0.7 சதவீதத்தில் தடித்த கோடு தாங்கிக்கொள்ளும். மெல்லிய கோடு அடியில் ஊறி விளிம்பு தூக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. எட்சிங்கில் வெளியே வரும்.

ட்ரை ஃபிலிமுக்கு சோடியம் கார்பனேட் 1 சதவீதம், 28 முதல் 30 டிகிரி. எடை போடும்போது கவனம் தேவை. நீரற்ற பொடி என்றால் லிட்டருக்கு 10 கிராம். கண்ணாடிக் கற்கள் போன்ற சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதில் 27 கிராம் போட்டால்தான் அதே வலு. அந்தக் கற்கள் காற்றில் கிடந்து வெள்ளைப் பொடியாகிவிட்டால் தண்ணீர் போய்விட்டது. 27 போட்டால் வலு எகிறும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் சமையல் சோடா 16 கிராமை 150 முதல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்தால் ஏறக்குறைய 10 கிராம் நீரற்ற கார்பனேட் கிடைக்கும். எடை குறைவது நின்றதா என்று தராசில் பார்த்து முடிவு செய்யுங்கள். சமையல் சோடாவை அப்படியே கரைத்தால் வேலைக்கு ஆகாது.

முதலில் பாலியெஸ்டர் உறையை உரித்தாக வேண்டும். அதை மறந்துவிட்டு டெவலப்பரைக் குறை சொல்பவர்கள் மிக அதிகம். மென்மையான பிரஷ்ஷால் மெதுவாக வருடிக்கொண்டே பாருங்கள். செம்பு முதலில் எட்டிப்பார்க்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு நேரம் இன்னும் விடுங்கள். 40 விநாடியில் செம்பு தெரிந்தால் மொத்தம் 80. அதற்கு மேல் விட்டால் கோடுகள் ஊதி வழவழப்பாகும். பிறகு ஓடும் தண்ணீரில் 1 நிமிடம் கழுவுங்கள். கழுவும் தண்ணீர் சற்றுக் கடினநீராக இருப்பது நல்லது. அதிலுள்ள கால்சியம் டெவலப்பரின் வேலையைச் சட்டென நிறுத்தி, ரெசிஸ்ட் விளிம்பை இறுக்கும். டெவலப்பரைக் கரைக்க மட்டும் மென்னீர் எடுங்கள்.

எட்ச்தொட்டி:
ரெசிஸ்ட்40 சொன்னதோடு ஒரு சோதனை. டெவலப் முடிந்தது என்று தோன்றும்போது போர்டை எட்ச் கரைசலில் 5 விநாடி முக்கி, கழுவி, லென்ஸில் பாருங்கள். திறந்த செம்பு முழுவதும் பளபளப்பு இழந்து ஒரே மங்கிய ரோஜா நிறமாக இருக்க வேண்டும். கால்களுக்கு நடுவே எங்காவது இன்னும் பளபளவென்று மின்னினால், அங்கே கண்ணுக்குத் தெரியாத ரெசிஸ்ட் படலம் மிச்சம் இருக்கிறது. இப்போதே தெரிந்ததால் மறுபடி டெவலப்பரில் 15 விநாடி விட்டுச் சரிசெய்துவிடலாம். எட்ச் முழுவதும் முடிந்தபின் தெரிந்தால் கத்தியால் ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டியதுதான்.

நுண்வழி:
எக்ஸ்போஷர் நேரம் எத்தனை விநாடி வைப்பது?

ஒளிக்கோணம்:
வேறொருவர் சொல்லும் விநாடி உங்கள் விளக்குக்கு உதவாது. உங்கள் ஃபிலிமில், உங்கள் ஷீட்டோடு சோதனைப் பட்டை எடுங்கள்.

0.10, 0.12, 0.15, 0.20 மி.மீ. கோடும் இடைவெளியுமாக ஒரு பட்டை அச்சடியுங்கள். முழுவதையும் 10 விநாடி காட்டியபின், அட்டையால் ஒரு பகுதியை மூடி மேலும் 4 விநாடி, இன்னும் கொஞ்சம் மூடி 6, பிறகு 8, பிறகு 12. அதாவது 10, 14, 20, 28, 40 என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட 1.4 மடங்கு. சமமான 5 விநாடித் தாவலைவிட இந்தப் பெருக்கு வரிசைதான் பொருந்தும், ரெசிஸ்ட் ஒளியை மடங்குகளாகத்தான் உணரும். ஸ்டாஃபர் 21 படி அளவுகோல் (படிப்படியாகக் கறுப்பு கூடும் ஃபிலிம் பட்டை) இருந்தால் ஒரே காட்டலில் முடிந்துவிடும். அதில் ஒவ்வொரு படியும் இதே 1.4 மடங்கு. பல ட்ரை ஃபிலிம்களுக்கு 7 முதல் 9 வரை படி நிற்க வேண்டும் என்பார்கள். நுண்ணிய வேலைக்கு 7 பக்கமே இருங்கள்.

படிக்கும் விதம்: நேரம் குறைந்தால் ட்ராக் வெளிறி, டெவலப்பரில் மெலிந்து, ஓரம் உதிரும். நேரம் கூடினால் ட்ராக் உறுதியாக நிற்கும், ஆனால் இடைவெளிக்குள் பனிபோல ஒரு மூட்டம் தங்கும், 0.10 கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 0.12 இடைவெளி திறந்தும் 0.12 ட்ராக் ஒட்டியும் நிற்கும் படிதான் உங்கள் நேரம். அறை வெளிச்சம் மஞ்சளாக இருக்கட்டும். வெயில் மட்டும் எட்டியே பார்க்கக்கூடாது.

பிக்சல்35:
ரெசின் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஷீட்டே தேவையில்லை. அதன் 405 நானோமீட்டர் ஒளியும் எல்சிடி திரையும் நேரடியாக எக்ஸ்போஷர் கருவி. ரெசின் தொட்டியைக் கழற்றிவிட்டு, போர்டைத் திரையின் மேல் கவிழ்த்து வைத்து, மேலே எடை வைக்க வேண்டும். யுவிடூல்ஸ் மென்பொருள் ஜெர்பர் கோப்பிலிருந்து (போர்டின் செம்பு வடிவத்தைச் சொல்லும் கோப்பு) நேராக அந்த பிரிண்டருக்கான கோப்பை எடுத்துக் கொடுக்கும்.

பிக்சல் அளவு மாதிரிக்கு மாதிரி வேறு: 50, 35, 22 மைக்ரான் என்று பல உண்டு. 35 மைக்ரான் திரையில் 0.15 மி.மீ. என்பது 4.3 பிக்சல். இது முழு எண்ணாக இல்லாததால் சில ட்ராக் 4 பிக்சலும் சில 5 பிக்சலும் ஆகும். அதனால் ட்ராக்கை 5 பிக்சல், 0.175 என்றே வரையுங்கள். ட்ராக் மையங்களும் பிக்சல் கட்டத்தில் விழும்படி 0.035 மி.மீ. கிரிட் வைத்தால் எல்லாக் கோடும் ஒரே அகலம். ஆன்டி-அலியாசிங்கை (விளிம்பைச் சாம்பல் பிக்சலால் மழுப்பும் வசதியை) நிறுத்திவிடுங்கள். சாம்பல் பிக்சல் அரைகுறையாக இறுகி, ஒளிக்கோணம் மேலே சொன்ன அதே பனிமூட்டத்தைக் கொடுக்கும்.

திரையின் பிக்சலுக்கு மேலே கண்ணாடியும் துருவமாக்கும் படலமும் இருப்பதால் இங்கே முழுத் தொடுகை கிடையாது. எனவே 22 மைக்ரான் பிக்சல் என்றால் 22 மைக்ரான் கோடு வரும் என்று எண்ண வேண்டாம். திரையில் கீறல் விழாதபடி போர்டின் ஓரப் பிசிறுகளை அரத்தால் தேய்த்துவிட்டு வையுங்கள்.

செதுக்கி:
சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டும் இயந்திரத்தில்) செதுக்கினால் இந்த ரசாயனம் எதுவும் வேண்டாமே?

எட்ச்தொட்டி:
0.3 மி.மீ. வரை அருமையான வழி. 0.15க்குக் கணக்கு இடிக்கும். 30 டிகிரி வி-முனை, நுனி 0.1 மி.மீ. என்று வையுங்கள். 0.1 மி.மீ. ஆழம் போனால் வெட்டு அகலம் 0.154. போர்டு 0.1 மி.மீ. வளைந்திருந்தால் ஒரு பக்கம் 0.207, மறுபக்கம் செம்பைத் தொடவே இல்லை. பரப்பு முழுவதையும் புள்ளிபுள்ளியாகத் தொட்டு அளந்து உயரத்தை ஈடுகட்டினாலும், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் தள்ளாட்டம் நேராக வெட்டு அகலத்தில் சேரும். பிட் நுனியும் கண்ணாடி இழையில் சீக்கிரம் மழுங்கும். எஃப்ஆர்4 தூசி நுரையீரலுக்குக் கேடு. முகமூடியும் உறிஞ்சியும் இல்லாமல் செதுக்கக்கூடாது.

இருபுறம்:
இரு பக்கம் பொருத்துவது பற்றி. இரண்டு ஷீட்டையும் டோனர் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வெளிச்ச மேசையில் பொருத்துங்கள். நடுவே இரண்டு ஓரங்களில், எல் வடிவத்தில், அதே தடிமனுள்ள கழிவுப் போர்டுத் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். உறைபோல ஒரு பை கிடைக்கும். போர்டை அந்த எல் மூலையில் முட்ட வைத்தால் போதும். கழிவுத் துண்டு வைக்காமல் ஷீட்டுகளை நேரடியாக டேப் போட்டு ஒட்டினால், 1.6 மி.மீ. போர்டு உள்ளே போகும்போது ஷீட் வளைந்து பொருத்தம் விலகும்.

வயாவுக்கு (இரு பக்கச் செம்பையும் இணைக்கும் துளை) 0.6 மி.மீ. துளை, 1.2 மி.மீ. பேட் வையுங்கள். 0.15 மி.மீ. விலகினாலும் சுற்றி வளையம் மிஞ்சும். 0.5 மி.மீ. தகரம் பூசிய கம்பியை நுழைத்து இரு பக்கமும் சால்டர். ஐசியின் அடியில் வயா வைக்காதீர்கள்; சால்டர் மேடு ஐசியைத் தூக்கிவிடும், கால்கள் பேடில் உட்காராது. கார்பைடு பிட்டைக் கையில் பிடித்த டிரில்லில் மாட்டினால் முதல் துளையிலேயே ஒடியும், ஸ்டாண்டு கட்டாயம்.

நுண்வழி:
18 மைக்ரான் செம்பில் 0.15 ட்ராக் எவ்வளவு கரண்ட் தாங்கும்?

இருபுறம்:
ஐபிசி-2221 (பிசிபி வடிவமைப்புத் தரநிலை) சூத்திரப்படி 10 டிகிரி சூடேற்றத்துக்கு ஏறக்குறைய 0.37 ஆம்பியர். அண்டர்கட்டால் குறுக்குவெட்டு இன்னும் சிறுக்கும் என்பதால் 0.25க்கு மேல் போகாதீர்கள். மின்தடை 50 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.32 ஓம். சிக்னலுக்குப் பிரச்சினை இல்லை. ஐசியின் பவர் காலிலிருந்து 2 மி.மீ. தூரம் மட்டும் 0.15இல் வந்து, உடனே 0.5 அல்லது அதற்கு மேல் அகலமாக்கிவிடுங்கள்.

எட்ச்தொட்டி:
எட்ச் கரைசல் பற்றி. நுண்ணிய வேலைக்கு என் தேர்வு சோடியம் பெர்சல்பேட்: லிட்டருக்கு 200 முதல் 250 கிராம், 40 முதல் 45 டிகிரி. தெளிவான கரைசல், செம்பு கரையக் கரைய நீலமாகும்; எந்த இடத்தில் முடிந்தது என்று உள்ளேயே பார்க்கலாம். மிச்சத்தை இறுக மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், ஆக்சிஜன் வெளிவந்து பாட்டில் வெடிக்கும்.

பெர்ரிக் குளோரைடையே வைத்துக்கொள்வதானால், 40 சதவீதக் கரைசல் 4 பங்குக்கு, சிட்ரிக் அமிலக் கரைசல் 1 பங்கு சேருங்கள். அந்த ஒரு பங்கில் முக்கால் தண்ணீர், கால் சிட்ரிக் பொடி. அச்சு ஓவியர்கள் எடின்பரோ எட்ச் என்று சொல்வது இதுதான். பள்ளத்தின் அடியில் தேங்கும் மண்டியைச் சிட்ரிக் அமிலம் கரைத்து எடுத்துவிடும். மண்டி தேங்காததால் நெருக்கமான இடைவெளியும் நேரத்துக்கு முடியும். போர்டைச் செங்குத்தாகவோ கவிழ்த்தோ வையுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும் கலந்த கரைசல் வேகம் அதிகம்; 0.15க்கு அந்த வேகமே ஆபத்து. அதன் ஆவி அறையிலுள்ள இரும்புக் கருவி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்.

எதுவானாலும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். செம்பு மீனுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. பெரிய வாளியில், நுரை அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடா சேர்த்து, பிஎச் தாள் 7க்கும் 8க்கும் நடுவே வரும்வரை காத்திருந்தால் செம்பு மண்டியாகப் படியும். அதை வடித்து உலர்த்தி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

நுண்வழி:
மிக்க நன்றி. மாற்றப்போவது: 18 மைக்ரான் செம்புள்ள 0.8 மி.மீ. போர்டு, மிரர் அச்சு, ஒற்றை எல்இடி 30 செ.மீ. உயரத்தில், சோடியம் கார்பனேட் 1 சதவீதம், கிரவுண்டு நிரப்பு, ஷீட்டில் ட்ராக் 0.186. ஐசி பேடுகளை 0.28 அகலத்திலேயே விடலாமா? சால்டர் மாஸ்க் (பேடுகளைத் தவிர மற்ற இடத்தை மூடும் பூச்சு) எப்படி?

எட்ச்தொட்டி:
பேடும் செம்புதானே, அதையும் கரைசல் தின்னும். 0.28 வேண்டுமென்றால் 0.316 வரையுங்கள், 0.5 பிட்ச்சில் இடைவெளி 0.184 மிஞ்சும், தாராளம். கிரவுண்டு நிரப்பின் விளிம்பையும் அதே 0.018 வெளியே தள்ளுங்கள். கேட் மென்பொருளில் ஒவ்வொன்றாக மாற்றாமல், ஜெர்பர் கோப்பை விரிவாக்கும் வசதியில் ஒரே தடவையாக 0.018 கொடுத்துவிட்டால் எதுவும் விட்டுப்போகாது.

இருபுறம்:
மாஸ்க்: பேடுக்குப் பேடு நடுவே 0.18 மி.மீ. பட்டை நிறுத்த முயலாதீர்கள். பட்டை சற்று விலகினாலும் பேடின் மேல் ஏறிவிடும். ஒரு பக்கத்து 25 கால்களுக்கும் சேர்த்து ஒரே நீள ஜன்னலாகத் திறந்துவிடுங்கள். நிறைய ஃபிளக்ஸ் போட்டு, சாய்ந்த முனையுள்ள சால்டரிங் அயனை வரிசையோடு இழுத்துக்கொண்டே போனால், மாஸ்க் இல்லாமலே பாலம் விழாது. விழுந்தால் ஃபிளக்ஸில் நனைத்த செம்பு விக் (சால்டரை உறிஞ்சும் பின்னல்) போதும்.

ரெசிஸ்ட்40:
சால்டர் வைக்கும்முன் ரெசிஸ்டை உரிக்க 3 சதவீத எரிசோடா. இப்போது அது சரியான இடத்தில் பயன்படும். எரிசோடாவைத் தண்ணீரில் போடுங்கள். அதன்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். செதில்செதிலாக உரிந்து மிதக்கும் துண்டுகளை வடிகட்டி எடுத்துவிட்டால் அதே கரைசல் இன்னும் பல போர்டுக்கு வரும்.